ஸ்டெர்ஜியோஸ் காலத்தை ஒழித்த வருடம்

என் தங்கை கலியோப்பியின் கணவன் ஸ்டெர்ஜியோஸ், காலம் என்று ஒன்றே கிடையாது என்பதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. காலமே இல்லாமல் அவ்வளவு வயது எப்படி ஆயிற்று என்று கேட்டேன். "மச்சான், இதெல்லாம் உனக்கு ஏறாது, விடு" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் வோலோஸ் ஊரில் ஆண்களுக்கு ஐம்பதைத் தாண்டியதும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலர் படகு வாங்கிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள், கடலில் இறக்க மாட்டார்கள். சிலர் மலையில் தேனீப் பெட்டி வைத்துவிட்டு முகம் வீங்கித் திரும்புவார்கள். ஸ்டெர்ஜியோஸைத் தத்துவம் பிடித்தது. கிரேக்கனைத் தத்துவம் பிடித்தால் ஒரு சிக்கல் உண்டு. அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. பாட்டன் வழி ஆலிவ் தோப்பைப் போல அதுவும் பிறந்தபோதே தன் பேருக்கு எழுதப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் பெயர் ரீஸோஸ். எங்களிடம் இரண்டு கார்கள். ஒன்றில் நான் கற்றுக்கொடுப்பேன், இன்னொன்றில் ஸ்டெர்ஜியோஸ். அவன் நல்ல வாத்தியார், அதில் சந்தேகமில்லை. கிளட்சைக் கண்டாலே அழுகிறவர்களைக்கூட மேட்டில் வண்டி எடுக்க வைத்துவிடுவான். ஒரு நாள் ஒரு மாணவி வரத் தாமதமாகியிருக்கிறது. துறைமுகத்து ஓரம் காரை நிறுத்திவிட்டுப் போனைத் திறந்தவன், காலத்தைப் பற்றி யாரோ பேசிய வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறான். அந்தப் பெண் வந்து கண்ணாடியைத் தட்டியபோது, "ஏம்மா லேட்டு?" என்று கேட்கவில்லையாம். "லேட்டுங்கறது என்ன?" என்று கேட்டானாம். அவள் பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

அன்று மதியம் நாங்கள் வழக்கமாகப் போகும் சிப்புரோ சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு குட்டி பாட்டிலுக்கும் ஒரு தட்டு தீனி வரும். இரண்டாவது பாட்டில் வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், 'இப்போ இப்போ'ன்னு சொல்றோமே, அது எவ்ளோ நீளம்?"

"எது?"

"அந்த 'இப்போ'தான். ஒரு விநாடின்னு வெச்சுக்க. அதுல முன்பாதி போயிடுச்சு, பின்பாதி இன்னும் வரல. சரி, பாதியா வெட்டு. அதையும் வெட்டு. வெட்டிக்கிட்டே போ. கடைசில என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது. போனது இல்ல, வரப்போறது இல்ல, நடுவுல இருக்கறதுக்கு அகலமே இல்ல. அப்ப என்னதான்யா இருக்கு?"

கடைக்காரர் தட்டை வைத்தார். "ஆக்டோபஸ் இருக்கு. ஆறினா ரப்பராயிடும், சாப்பிடு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஸ்டெர்ஜியோஸ் மனம் தளரவில்லை. ஊர் தன்னைப் புரிந்துகொள்ளாது என்று அந்த நிமிடமே முடிவுகட்டி, உலகத்திடம் பேசப் போய்விட்டான். காரின் முன்கண்ணாடியில் போனைப் பொருத்தி, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே பேசிப் பதிவுசெய்வான். சேனலுக்குப் 'பின்கண்ணாடி' என்று பெயர். புதிதாக வெட்டிய முடியை வாரிக்கொண்டு, சீட் பெல்ட்டைக் கழற்றாமல், "நண்பர்களே, நாம் இருக்கிறோமா?" என்று தொடங்குவான். பின்னால் குப்பை வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்கும். இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்கள். அதுவும் ஆயிரக்கணக்கில். 'ஆசானே' என்று எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பொய்யில் வாழ்ந்துவந்ததாகவும் அவனால் கண் திறந்ததாகவும் கிரீட் தீவிலிருந்து ஒருவர் எழுதினார். கண் திறந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று எழுதவில்லை.

தொழிலுக்கு அடி விழுந்தது தேர்வு நாளன்று. ஸ்டெர்ஜியோஸிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், 'நில்' பலகையில் நிற்காமல் போய்விட்டாள். தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, நிக்கலையே?"

"நின்னேன் சார். நான் நின்ன கணத்துக்கு நீளம் கிடையாது. அதான் உங்க கண்ணுக்குத் தெரியல."

தேர்வாளர் பொறுமையானவர். எழுதி முடித்துத்தான் நிமிர்ந்தார். "நான் போட்ட ஃபெயிலுக்கு நீளம் இருக்கும்மா. அடுத்த தேர்வு வரைக்கும்."

மாலையில் அந்தப் பெண்ணின் அப்பா வந்து என் மேசையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார். மறுநாள் முதல் ஸ்டெர்ஜியோஸ் வகுப்பெடுக்கும்போது நான் அவன் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வது என்று ஏற்பாடு. அவனுக்கு அவமானம், எனக்கு முதுகுவலி. அதனால்தான் இனி அந்தக் காரில் நடந்ததாக நான் சொல்லப்போவதெல்லாம் நானே கண்ணால் பார்த்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவன் தத்துவம் ஒரு படி முன்னேறியது. 'இப்போ' என்பதற்கு அகலம் இல்லை என்றால் எல்லாமே இல்லாமல் போய்விடுகிறதே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். யோசித்து, மேசைமேல் ஒரு முழு ரொட்டியை வைத்து வீடியோ எடுத்தான். காலம் என்பது ஒரு நீள ரொட்டியாம். நாம் ஒவ்வொரு துண்டாகச் சாப்பிடுவதால் மற்ற துண்டுகள் இல்லையென்று ஆகிவிடுமா? நேற்று ஒரு துண்டு, நாளை ஒரு துண்டு. எல்லாத் துண்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே இறந்தவர்கள் எங்கும் போகவில்லை, அவரவர் துண்டில் அவரவர் உயிரோடுதான் இருக்கிறார்கள். கடைசியில் குரலைத் தழைத்து, "உங்கள் அம்மா இந்தக் கணமும் உங்களுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறார்" என்றான்.

அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. தெசலோனிக்கியில் ஒரு வானொலிக்காரர் பேட்டி எடுத்தார். ஸ்டெர்ஜியோஸ் நடையே மாறிவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடற்கரையில் நடக்க ஆரம்பித்தான். கலியோப்பி மட்டும் மசியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவன் அறைக்குள் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தான். மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. பிறகு வந்து பார்த்தால் மேசை துடைத்துக் கிடந்தது.

"என்ன, சாப்பாடு?"

"நேத்து சாப்பிட்டது அந்தத் துண்டுல அப்படியே இருக்குமே. அதையே இன்னொரு வாய் சாப்பிடுங்க."

அந்தச் சமயத்தில்தான் மெல்ப்போ அக்கா வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். கறுப்பு உடை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வண்டி ஓட்டக் கத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். அவர் கணவர் லாம்ப்ரோஸ் பீலியோ மலையிலிருந்து ஆப்பிள் ஏற்றி வரும் வேன் ஓட்டியவர். பல வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், மலைப்பாதை வளைவில் வேன் கவிழ்ந்து இறந்துபோனார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சாவு அது.

அக்கா வெளியே போனதும் ஸ்டெர்ஜியோஸ் என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தான்.

"பாத்தியா மச்சான்? இந்த வயசுல, அப்படியொரு விபத்துல புருஷனைப் பறிகொடுத்தவங்க, நம்மளைத் தேடி வந்திருக்காங்க. வண்டி கத்துக்கவா வராங்க?"

"பின்ன, மீன் வாங்கவா?"

"ரொட்டி வீடியோ பாத்திருக்காங்கய்யா! என்கிட்ட பேசணும்னு வந்திருக்காங்க."

அன்றிரவே ஒரு வீடியோ போட்டுவிட்டான். கணவனை இழந்த ஒரு பெண்மணி தன் சொற்களைக் கேட்டு, ஆறுதல் தேடித் தன் காருக்கே வந்துவிட்டதாக. பெயர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் எவ்வளவு பெரியது? மூன்றாம் நாள் காய்கறிச் சந்தையில் கீரைக்காரர், "என்ன மெல்ப்போ, லாம்ப்ரோஸ் சௌக்கியமா?" என்று கேட்டாராம். அவர் என்ன கேலி என்று புரியாமல் கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வகுப்புகள் தொடங்கின. மெல்ப்போ அக்கா ஸ்டியரிங்கை ஆட்டுக்கொம்பைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார். ஸ்டெர்ஜியோஸ் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியை அறுத்துக்கொண்டே வருவான். லாம்ப்ரோஸ் தன் துண்டில் நலமாக இருப்பதாகவும், அவர்கள் கல்யாணத்தில் ஆடிய ஆட்டம் இந்தக் கணமும் நடந்துகொண்டிருப்பதாகவும் சொல்வான். அக்கா "ஊம்", "அப்படியா" என்பார். இடையில் கியரை மாற்றாமல் விட்டுவிடுவார். இவன் கவனிக்க மாட்டான். நான் பின்னாலிருந்து, "மூணாவது போடுங்க" என்று கத்துவேன்.

ஒரு மதியம் அக்ரியா பக்கம் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அன்றைய பேச்சைச் சேனலில் போடலாம் என்று ஸ்டெர்ஜியோஸ் போனில் பதிவை ஓட விட்டிருந்தான்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றார் அக்கா.

"கேளுங்கக்கா, கேளுங்க." போனைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினான்.

"எல்லாத் துண்டும் இருக்குன்னீங்க இல்ல?"

"எல்லாமே."

"கல்யாணத்துல நாங்க ஆடினது?"

"இருக்கு. ஆடிக்கிட்டே இருக்கீங்க."

"அந்த வளைவு? அந்த மழை?"

ஸ்டெர்ஜியோஸ் போனைப் பார்த்தான்.

"அதுவும் ஒரு துண்டுதானே தம்பி. அதை மட்டும் எடுத்துப் போட முடியாதே?"

"…முடியாதுக்கா."

"அப்ப அவர் இன்னும் விழுந்துக்கிட்டேதான் இருக்கார்."

அழுதுகொண்டு சொல்லவில்லை. இண்டிகேட்டரைப் போடலாமா என்று கேட்கும் அதே குரல்தான். ஸ்டெர்ஜியோஸ் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினான். பின்னாலிருந்து பார்த்தேன், அவன் காது மடல் சிவந்திருந்தது. திரும்பி வரும் வரை அவனைப் பேசாமல் பார்ப்பது எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு கொஞ்சம் பயமாகிவிட்டது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் மனிதன் சரியாகச் சாப்பிடவில்லை. எதையெதையோ தேடிப் படித்தான். வாழ்நாளில் முதல் தடவையாகத் தத்துவம் படித்தான் என்று சொல்ல வேண்டும். படித்ததில் அவனுக்குப் பிடித்த ஒன்று கிடைத்தது. இருப்பது நிகழ்காலம் மட்டும்தான், போனது போயே போய்விட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். உடனே காரில் உட்கார்ந்து, 'நான் தவறிவிட்டேன்' என்று ஒரு வீடியோ போட்டான். ரொட்டி கிடையாது, ஒரே ஒரு துண்டுதான், அது நம் வாயில் இருப்பது மட்டுமே என்றான்.

பிடித்தது சனி. அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டிருப்பதாக நம்பி உருகியவர்கள் அத்தனை பேரும் திரண்டுவந்து வைதார்கள். 'துரோகி' என்றான் ஒருவன். 'எவ்வளவு வாங்கினாய்?' என்றான் இன்னொருவன், காலத்தைப் பற்றி லஞ்சம் கொடுக்க யாரோ இருப்பதுபோல. கிரீட் தீவுக்காரர் தன் கண் மறுபடியும் மூடிக்கொண்டதாக எழுதினார். ரொட்டிக் கட்சி, துண்டுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் குடும்பத்தோடு திட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு கெட்டிக்காரன் மட்டும் அமைதியாக எழுதியிருந்தான்: 'நிகழ்காலத்துக்கு அகலமே இல்லை என்று முதலில் சொன்னவர் நீங்கள். இப்போது நிகழ்காலம் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் இந்த வீடியோ எங்கே இருக்கிறது?'

கலியோப்பி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "மொதல்ல காலத்தை ஒழிச்சீங்க. அப்புறம் செத்தவங்களை எழுப்பினீங்க. இப்ப மறுபடி சாகடிச்சுட்டீங்க. கை சும்மா இருக்காதுன்னா பால்கனிக் கம்பிக்குப் பெயின்ட் அடிங்களேன்."

அவனுக்கு ஒரே நம்பிக்கை மெல்ப்போ அக்கா. அவருக்காகத்தானே இத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்? அடுத்த வகுப்பில் கார் கிளம்புவதற்குள் சொல்லிவிட்டான்.

"அக்கா, கவலைப்படாதீங்க. அந்த வளைவும் இல்ல, மழையும் இல்ல. எதுவுமே நடந்துக்கிட்டு இல்ல. இப்ப இருக்கறது இந்தக் கார், நீங்க, நான், பின்னாடி மச்சான். அவ்ளோதான்."

"அப்ப கல்யாணத்துல ஆடினது?"

"அது… அதுவும்…"

"இல்ல."

"இல்லக்கா."

அக்கா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். "கேக்காமலேயே கொடுத்தீங்க. இப்ப கேக்காமலேயே பிடுங்கிட்டீங்க. பாவம் தம்பி அவர், எத்தனை தடவைதான் சாவார்? விட்டுடுங்க அவரை." சாவியைத் திருப்பினார். "மலைக்குப் போலாம்."

"மலைக்கா? இன்னும் மேட்டுல கிளட்ச்…"

"இண்டிகேட்டர் போட்டுட்டேன்."

பீலியோ பாதையில் எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து வருகிறவன் ஹார்ன் அடிப்பான், அவ்வளவுதான் எச்சரிக்கை. ஸ்டெர்ஜியோஸ் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வந்தான். நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். அந்த வளைவு வந்தது. எங்கள் மூவருக்குமே தெரியும் அது எது என்று. ஸ்டெர்ஜியோஸால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு மட்டும் நினைச்சுக்குங்க, இந்த இடம்ங்கறது…"

"வாயை மூடுங்க. ரெண்டா, மூணா?"

"ரெ… ரெண்டாவது கியர்."

இரண்டாவதில் எடுத்தார். எதிரே ஒரு பஸ் இறங்கியது. அக்கா ஒதுங்கி, நின்று, பஸ்ஸை விட்டு, மறுபடி மேட்டில் எடுத்தார். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. வளைவு தாண்டிச் சாலையோரம் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு இறங்கினார்.

விபத்து நடந்த இடங்களில் எங்கள் பக்கம் வைப்பார்களே, கம்பத்தின் மேல் தகரக் குட்டிக் கோயில், அப்படி ஒன்று அங்கே நின்றது. கண்ணாடிக் கதவெல்லாம் கரி. உள்ளே விளக்கு அணைந்து எத்தனையோ நாளாகியிருக்கும். அக்கா கைப்பையைத் திறந்தார். எண்ணெய் பாட்டில், திரி, தீப்பெட்டி, பழந்துணி. முதல் நாளிலிருந்து நெஞ்சோடு அணைத்துத் திரிந்த பையில் இதுதான் இருந்திருக்கிறது.

"என் தம்பி மகன்தான் கூட்டிட்டு வருவான்" என்றார் திரியைத் திரித்துக்கொண்டே. "அவன் ஜெர்மனிக்குப் போயிட்டான். பஸ்ஸு இங்க நிக்காது. யார்கிட்டப் போய் வாரா வாரம் கெஞ்சறது? அதான் நானே கத்துக்கலாம்னு."

ஸ்டெர்ஜியோஸ் கேட்டான், "என் வீடியோ பாத்துட்டு வரலையா நீங்க?"

"என்ன வீடியோ?"

பையின் அடியிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பட்டன் வைத்த பழைய போன்.

"அப்ப இத்தனை நாளா நான் சொன்னதை எல்லாம் ஏன் கேட்டுக்கிட்டீங்க?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தா என் தப்பைப் பாக்க மாட்டீங்க. அது ஒண்ணு." திரியை எண்ணெயில் நனைத்தார். "வீட்ல பேச்சுச் சத்தமே கிடையாது தம்பி. யாரோ ஒருத்தர் ஏதோ பேசறாரேன்னு இருந்தது. ஆனா அந்த ரொட்டி உள்ள போய் உக்காந்துடுச்சு. கண்ணை மூடினா வேன் உருளுது. அப்படி எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு நாளும் வந்ததில்ல."

நான் எவ்வளவோ தடவை ஸ்டெர்ஜியோஸைக் கேலி செய்திருக்கிறேன். அப்போது எனக்கு வாய் வரவில்லை. அக்கா துணியை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான். கரி போகவில்லை. எச்சிலைத் தொட்டுத் துடைத்தான். உள்ளே லாம்ப்ரோஸின் படம் தெரிந்தது. மீசை, லேசான மாறுகண்.

"எப்படி ஓட்டுவார்?" என்று கேட்டான் ஸ்டெர்ஜியோஸ்.

"மகா மோசமா. ஒரு கையில ஸ்டியரிங், ஒரு கையில ஆப்பிள். வாய் ஓயாது, உங்களை மாதிரி." விளக்கு பற்றிக்கொண்டது. "இறங்கறப்ப நீங்க ஓட்டுங்க தம்பி."

அன்று மாலையே அவன் இரண்டு வேலை செய்தான். பெண்மணி தன்னைத் தேடி வந்ததாகச் சொன்ன வீடியோவை அழித்தான். சந்தையில் அந்தக் கீரைக்காரரிடம் போய், கேலி பேசினால் நடப்பதே வேறு என்று மிரட்டினான். கீரைக்காரர் இவனைவிடப் பலசாலி. ஆனால் இவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாராம்.

மெல்ப்போ அக்கா முதல் தேர்வில் தோற்றார், பார்க்கிங்கில் நடைபாதை மேல் ஏற்றிவிட்டார். இரண்டாவதில் தேறினார். ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மலைப்பாதையில் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஊர்வலமே வரும், அவ்வளவு மெதுவாகப் போவார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எவன்கிட்ட கத்துக்கிட்டே?" என்று கத்துகிறவர்களுக்கு, எங்கள் பள்ளியின் பெயரைத் தெளிவாக, விலாசத்தோடு சொல்கிறார்.

சேனல் பல வாரம் மூச்சுவிடாமல் கிடந்தது. வைதவர்கள் வேறு யாரையோ வையப் போய்விட்டார்கள். வசந்தத்தில் லாம்ப்ரோஸின் நினைவு நாள் பூசைக்கு அக்கா எங்களை அழைத்தார். தேவாலய வாசலில் கோலிவா கொடுத்தார்கள், அவித்த கோதுமையில் சர்க்கரையும் பாதாமும் மாதுளையும் போட்டது. கையில் பொட்டலத்தோடு நின்ற ஸ்டெர்ஜியோஸை ஒரு வாலிபன் அடையாளம் கண்டுகொண்டான்.

"ஆசானே, நீங்கதானே? கடைசில எதுதான் சரி? செத்தவங்க இருக்காங்களா, இல்லையா?"

மெல்ப்போ அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். ஸ்டெர்ஜியோஸ் வாய் நிறையக் கோதுமையை அள்ளிப் போட்டுக்கொண்டு, மென்று, மென்று, மென்றுகொண்டே இருந்தான். பையன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். காரில் ஏறிய பிறகும் மென்றான். இந்த மனிதன் ஒருவழியாகத் தெளிந்துவிட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

கடற்கரைச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டெர்ஜியோஸ் விழுங்கினான்.

"மச்சான், குழி குழிங்கறோமே. மண்ணு இல்லாத இடம்தானே அது? இல்லாத ஒண்ணு எப்படி வண்டியை உடைக்குது?"

நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.